கார்த் தகட்டுக்குப் பூச்சு: சத்தம் அடங்கும், சூடு?

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, என் கார் வாங்கிப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. நாள்தோறும் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டிச் செல்கிறேன். லாரி கடக்கும்போதெல்லாம் கதவுத் தகடுகள் அதிர்கின்றன. நண்பகலில் கூரையிலிருந்து இறங்கும் அனல் தாங்க முடியவில்லை. சத்தத்தையும் வெப்பத்தையும் சேர்த்தே தடுக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் பூச்சை வாங்கி, கம்ப்ரஸர் வைத்து, கதவுகளிலும் கூரையிலும் வீட்டிலேயே அடித்துவிடலாம் என்றிருக்கிறேன். இரண்டு தொல்லைகளும் தீருமா?
– ஒரு வாசகர், புது வண்ணாரப்பேட்டை

பதில்: ஒன்று ஓரளவு தீரும், மற்றொன்று ஏறக்குறைய தீராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் விளம்பரங்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழக்கிவிட்டன.

சத்தத்தை எடுத்துக்கொள்வோம். கார்க் கதவின் வெளித்தகடு சுமார் 0.7 மி.மீ. தடிமனே உள்ள எஃகு. சாலையின் குலுக்கலும் லாரி எஞ்சினின் கனத்த உறுமலும் அந்தத் தகட்டை அதிரச் செய்ய, தகடே ஒலிபெருக்கியாகி உள்ளே சத்தம் தருகிறது. அடித்த தாம்பாளத்தின் மேல் விரலை வைத்தால் ஒலி சட்டென்று அடங்குகிறது அல்லவா, அதிர்வடக்கும் பூச்சு செய்யும் வேலையும் அதுதான். தகடு வளைந்து நெளியும்போது அதனோடு சேர்ந்து நீண்டு சுருங்கும் பூச்சு, அந்த அதிர்வின் ஆற்றலை மிகச் சிறிய அளவு வெப்பமாக மாற்றித் தனக்குள் செலவழித்துவிடுகிறது. மூடிய கதவின் நடுப்பகுதியை வெளியிலிருந்து விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். ஒலி நீண்டு ஒலித்தால் பூச்சுக்கு அங்கே வேலை உண்டு. 'தொப்' என்று உடனே அடங்கினால், தொழிற்சாலையிலேயே உள்ளே அதிர்வடக்கும் துண்டு ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அங்கே பூச்சு அடித்துப் பெரிய பயன் இல்லை.

ஆனால் பூச்சு ஒலியைத் தடுக்கும் சுவர் அன்று. ஒரு தடுப்பின் எடை இரு மடங்கானால்தான் அதைத் தாண்டி வரும் ஒலி 5 முதல் 6 டெசிபல் வரை குறையும். 0.7 மி.மீ. எஃகுத் தகடு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5.5 கிலோ எடை கொண்டது. அதன் மேல் 1 மி.மீ. பூச்சு ஏற்றினால் கூடுவது 1 கிலோவுக்குச் சற்று மேல். இந்தக் கூடுதல் எடையால் மட்டும் கிடைக்கும் லாபம் 2 டெசிபலைக்கூட எட்டாது. ஆகவே லாரியின் ஹாரனும் காற்றின் இரைச்சலும் கண்ணாடி வழியாகவும் கதவின் ரப்பர் பீடிங் வழியாகவும் முன்போலவே உள்ளே வரும். பத்து ஆண்டு ஓடிய காரில் பீடிங் தட்டையாகி இறுகிப் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வழுக்கி வந்துவிட்டால், பூச்சுக்கு முன்னால் பீடிங்கை மாற்றுங்கள். செலவு குறைவு, பலன் பெரும்பாலும் அதிகம்.

இனி வெப்பம். இதில்தான் விளம்பரங்கள் கண்ணில் மண்ணைத் தூவுகின்றன. ஒரு பொருளின் வெப்பத்தடை, அதன் தடிமனை அதன் வெப்பக் கடத்துதிறனால் வகுத்தால் கிடைப்பது. பூச்சுக்குள் வெற்றிடச் செராமிக் மணிகள் இருப்பதாகவே வைத்துக்கொண்டு, கடத்துதிறன் 0.1 என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், 1 மி.மீ. பூச்சின் தடை 0.01 தான் வருகிறது. கடத்துதிறன் 0.04 உள்ள சாதாரண மூடிய அறை ஃபோமை (காற்று நிரம்பிய நுண்ணறைகள் தனித்தனியே மூடியிருக்கும் நுரைத்தாள்) 10 மி.மீ. தடிமனில் ஒட்டினால் தடை 0.25; அதாவது 25 மடங்கு. பூச்சுப் பொருள் மட்டமானது என்பதல்ல காரணம், 1 மி.மீ. என்ற தடிமனே வெப்பத்துக்கு ஒரு பொருட்டில்லை.

'சூரிய வெப்பத்தைத் திருப்பி அனுப்பும்' என்ற வாசகத்தையும் பார்த்திருப்பீர்கள். வெயில் படும் வெளிப்புறத்தில் பூசும் வெள்ளைப் பெயின்ட்டுக்கு அது பொருந்தும். கூரைத் துணிக்கு மேலே, தகட்டின் உட்புறத்தில் பூசும் பூச்சின் மேல் வெயிலே படுவதில்லை. அங்கே இருப்பது சூடேறிய தகடு கீழ்நோக்கி உமிழும் வெப்பக் கதிர். அந்தக் கதிரைப் பொறுத்தவரை வெள்ளைப் பெயின்ட்டும் கறுப்புப் பெயின்ட்டும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் உமிழ்கின்றன. பளபளக்கும் அலுமினியப் பரப்பு ஒன்றுதான் குறைவாக உமிழும், அதுவும் அதன் முன்னால் காற்று இடைவெளி இருந்தால் மட்டுமே. ஆகவே கூரைக்கு நான் சொல்வது: தகட்டின் நடுவில் அதிர்வடக்கும் விரிப்பு ஒரு துண்டு, அதையடுத்து, கீழ்ப்புறத்தில் அலுமினியத் தாள் ஒட்டிய மூடிய அறை ஃபோம், அதற்கும் கூரைத் துணிக்கும் இடையே கிடைக்கிற அளவு இடைவெளி. பக்கவாட்டில் திரை போல் விரியும் ஏர்பேக் உள்ள காராக இருந்தால் கூரைத் துணியை நீங்களே கழற்ற வேண்டாம். அந்த வேலையைத் தெரிந்த கடையில் விடுங்கள்.

காருக்குள் வரும் வெப்பத்தில் பெரும்பங்கு கண்ணாடி வழியாகத்தான் வருகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. நிறுத்தும்போது முன்கண்ணாடிக்கு வெள்ளித் திரை போடுவது எந்தப் பூச்சையும் விட உடனே தெரியும் மாற்றத்தைத் தரும். கண்ணாடிக்குக் கறுப்பு ஏற்றலாம் என்று எண்ணினால், மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100ஆம் விதி முன், பின் கண்ணாடிகளில் குறைந்தது 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் ஒளி ஊடுருவ வேண்டும் என்கிறது.

கேள்வி: வணக்கம். கதவுகள், டிக்கித் தளம், பின் சக்கர வளைவு ஆகியவற்றுக்கு மட்டும் தண்ணீர் கலந்த வகைப் பூச்சை அடிக்க நானும் என் தம்பியும் முடிவு செய்துள்ளோம். எங்கள் வீடு கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி உள்ளது. எவ்வளவு தடிமன் வேண்டும், எந்த ஸ்ப்ரே துப்பாக்கி வாங்க வேண்டும், எப்போது அடிக்க வேண்டும் என்று விளக்கமாகச் சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: பொருளையும் இடங்களையும் சரியாகவே தேர்ந்திருக்கிறீர்கள். துப்பாக்கி விஷயத்தில் மட்டும் என் கருத்து வேறு.

கதவின் உள்ளே கை நுழையும் துளைகள் சிறியவை. அவற்றின் வழியாகத் துப்பாக்கியை நீட்டி அடித்தால், பாதிப் பூச்சு கண்ணாடி ஏற்றும் பொறியிலும் பூட்டிலும் ஒயர்களிலும் போய் ஒட்டும். அதே பொருளை அகலமான பிரஷ்ஷால் இரண்டு மூன்று முறை பூசினால் தடிமனும் கட்டுப்பாட்டில் இருக்கும், சிதறலும் இருக்காது. துப்பாக்கி பயன்படுவது டிக்கித் தளத்துக்கும் சக்கர வளைவுக்கும்தான். அதற்கும் பெயின்ட் அடிக்கும் மெல்லிய முனைத் துப்பாக்கி உதவாது. குழம்பு போன்ற இந்தப் பொருள் அதில் உடனே அடைத்துக்கொள்ளும். அண்டர்கோட்டிங் அடிப்பதற்கென்றே அகலமான முனையோடு விற்கும் துப்பாக்கியைக் கேட்டு வாங்குங்கள். காற்றழுத்தம் எவ்வளவு என்பதை டப்பாவில் அச்சிட்டபடி வையுங்கள். வீட்டுக் கம்ப்ரஸரின் தொட்டி சிறியது. சற்று நேரம் தொடர்ந்து அடித்தாலே அழுத்தம் இறங்கி, தூவல் கட்டி கட்டியாக விழத் தொடங்கும். அப்போது நிறுத்தி, தொட்டி நிரம்பிய பிறகு தொடருங்கள். ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் மட்டும் அதை ஓட்டாதீர்கள். காரின் சத்தத்தைக் குறைக்கப் போய்த் தெருவை எழுப்பிய பழி வரும்.

தடிமன்தான் இந்த வேலையின் உயிர். தகட்டின் மேல் ஒட்டிய பூச்சு அதிர்வை எப்படி அடக்குகிறது என்பதை ஜெர்மானிய ஒலியியலாளர் ஹெர்மன் ஓபர்ஸ்ட் 1952இல் கணக்கிட்டுக் காட்டினார். மெல்லிய பூச்சுகளில் அடக்கும் திறன், பூச்சுத் தடிமனுக்கும் தகட்டுத் தடிமனுக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கத்தை ஒட்டி உயர்கிறது. பாதித் தடிமனில் நிறுத்திக்கொண்டால் பாதிப் பலன் கிடைக்காது. கால் பங்குதான் கிடைக்கும். எனவே காய்ந்த நிலையில் குறைந்தது தகட்டின் தடிமன் அளவுக்கு, முடிந்தால் 1 முதல் 1.5 மி.மீ. வரை ஏற்றுங்கள். பொருளை வாங்கும்போது இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு 1 மி.மீ. காய்ந்த தடிமன் என்றால் ஒரு முழு லிட்டர் திடப்பொருள். டப்பாவில் கன அளவுப்படி பாதிதான் திடப்பொருள் என்றால் 2 லிட்டர் வாங்க வேண்டும்; சிதறி வீணாவது தனி. ஒரு சின்ன டப்பாவில் நான்கு கதவும் டிக்கியும் முடிந்துவிட்டன என்று யாராவது சொன்னால், அவர் அடித்தது பெயின்ட்டின் தடிமனில்தான்.

பகுதி முழுவதையும் மூட வேண்டிய அவசியம் இல்லை. தகடு அதிகமாக அதிர்வது விளிம்புகளுக்கு நடுவே உள்ள தட்டையான பரப்பில். அங்கே தடிமனாகப் பூசி ஓரங்களை விட்டுவிடுங்கள். அதிலும் கதவின் அடிவிளிம்பை விடுவது கட்டாயம். மழைநீர் கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்குவது இயல்பானது. அது வெளியேற அடிவிளிம்பில் சிறு துளைகள் வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பூச்சு அடைத்தால் ஒரே மழைக்காலத்தில் கதவு அடியிலிருந்து அரிக்கத் தொடங்கும். அடிப்பதற்கு முன் துளைகளில் ஈர்க்குச்சி செருகி வைத்து, பூச்சு இறுகுமுன் உருவி எடுத்துவிடுங்கள். கதவின் உட்புறத்தை மூடும் கதவு அட்டைக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறிந்துவிடாமல் திரும்ப ஒட்டுங்கள். நீர் காருக்குள் வராமல் தடுப்பது அதுதான். வேலைக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருங்கள். சில கார்களில் பக்கவாட்டு மோதலை உணரும் சென்சார் கதவுக்குள்ளேயே, காற்றழுத்த மாற்றத்தை வைத்து வேலை செய்யும் வகையில் பொருத்தப்பட்டிருக்கும். அப்படியொரு சென்சார் இருந்தால் அதன் மேல் ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது. கதவில் உள்ள பெரிய துளைகளையும் புதிதாக அடைக்கக் கூடாது.

கடலுக்கு இரண்டு தெரு என்பது உங்கள் கேள்வியின் மிக முக்கியமான பகுதி. காற்றோடு வரும் உப்பு கண்ணுக்குத் தெரியாமல் தகட்டில் படிந்திருக்கும். அதன் மேலேயே பூச்சு ஏற்றினால், உப்பு ஈரத்தை உள்ளே இழுத்து, பூச்சைக் கொப்புளமாக எழுப்பி, அடியில் துருவை வளர்க்கும். தின்னர் போட்டுத் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு போகும், உப்பு போகாது. முதலில் நல்ல தண்ணீரும் சோப்பும் கொண்டு கழுவுங்கள்; ஆழ்குழாய் நீரே உப்புக் கரிக்கும் பகுதியானால் கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். முழுவதும் உலர்ந்த பின், துரு உள்ள இடங்களை உப்புத்தாளால் தேய்த்து வெறும் இரும்பு தெரிந்தால் எப்பாக்ஸி பிரைமர் பூசுங்கள். தண்ணீர் கலந்த பூச்சை வெறும் எஃகின் மேல் நேராகப் பூசினால் அது காயும்போதே துருப்பிடிக்கத் தொடங்கலாம்.

காலத்தைப் பொறுத்தவரை அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த வேலையை நினைக்கவே வேண்டாம். பிப்ரவரியும் மார்ச்சும் ஏற்றவை. காலையில் பனி ஈரம் போன பிறகு தொடங்கி, நண்பகலையொட்டிக் கடற்காற்று திரும்புவதற்குள் அன்றைய பூச்சை முடித்துவிடுவது நல்லது. ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போதும், தகட்டின் வெப்பநிலை பனிப்புள்ளியை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) விட 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இல்லாதபோதும் பூச வேண்டாம் என்பது பூச்சுத் தொழிலில் பொதுவாகப் பின்பற்றும் விதி. விரைவில் காயட்டும் என்று வெயிலில் நிறுத்துவதும் தவறு: மேற்புறம் மட்டும் ஆடை கட்டிக்கொள்ள, உள்ளே ஈரம் சிறைப்படும். நிழலில், மின்விசிறிக் காற்றில், மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஓர் அடுக்கு காய்ந்த பிறகே அடுத்ததைப் பூசுங்கள். கடைசி அடுக்குக்குப் பின் ஓரிரு நாள் கழித்து, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாதபோதுதான் கதவு அட்டையை மாட்ட வேண்டும்.

தண்ணீர் கலந்த வகை என்பதால் முகமூடி வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். தூவலின் நுண்துளிகள் நுரையீரலுக்கு நல்லவையல்ல; இதற்கு என்95 முகமூடியும் கண்ணாடியும் போதும். தின்னர் கலந்த வகைக்கு அது போதாது. ஆவியை அந்த முகமூடி தடுக்காது. கரி நிரப்பிய வடிகட்டி உள்ள முகக்கவசமே வேண்டும், பாரிமுனையில் தொழிற்சாலைப் பாதுகாப்புப் பொருள் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய் எதிர் வீட்டு அடுப்பில் பற்றிக்கொள்ளக் கூடியது. வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கும் நம் தெருக்களில் அந்த வகையைத் துப்பாக்கியில் போட்டு அடிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. எதுவானாலும், பக்கத்து மாடியில் துணி காய்கிறதா என்று ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: மீன் ஏற்றிச் செல்லும் சிறிய மூடிய வண்டி வைத்திருக்கிறேன். கட்டடங்களில் இடைவெளி அடைக்கும் நுரை ஸ்ப்ரேயைக் கதவுக்குள்ளும் பெட்டியின் சுவர்களிலும் அடித்தால் ஐஸ் விரைவில் கரையாது என்கிறார்கள். செய்யலாமா?
– ஒரு வாசகர், காசிமேடு

பதில்: வேண்டாம். பாலியூரித்தேன் நுரை நல்ல வெப்பத்தடைதான், ஆனால் அது ஒரே சீரான பலகையாக, இரு புறமும் நீர் புகாத தகடு மூடிய நிலையில் இருக்க வேண்டும். டப்பாவிலிருந்து அடித்த நுரை தாறுமாறாக வீங்கும். கதவுக்குள் கண்ணாடியையும் பூட்டையும் பிடித்துக்கொள்ளும். தகட்டோடு ஒட்டி நிற்கும் இடுக்குகளில் ஐஸ் கரைந்த உப்புநீரைத் தேக்கி வைக்கும். அந்த நுரையில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் மூச்சுக்குழாயைத் தாக்கி ஆஸ்துமாவை வரவழைக்கக் கூடியது. மூடிய பெட்டிக்குள் உட்கார்ந்து அதை அடிப்பது மிகவும் ஆபத்து. குளிர்பெட்டி கட்டும் பட்டறையில், இருபுறமும் தகடு பொதிந்த 50 மி.மீ. பலகைகளால் உள்பெட்டி கட்டி, அடியில் நீர் வடியும் குழாய் வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெட்டிகளின் உட்புறத் தகட்டில் அதிர்வை அடக்கத் தார் வகைப் பூச்சு பூசுவது வழக்கம். அதையே காருக்கும் பயன்படுத்தினால் என்ன? மொட்டை மாடி ஒழுகலுக்கு ஒட்டும் அலுமினியத் தார் விரிப்பையும் சிலர் கதவில் ஒட்டுகிறார்கள்.
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: ஐயா, தார் அதிர்வை அடக்கும் என்பதில் ஐயமில்லை, கார்த் தயாரிப்பாளர்களும் தளத்தில் தார்ப் பலகைகளை உருக்கி ஒட்டியே வந்திருக்கிறார்கள். வேறுபாடு இருப்பது இரண்டு இடங்களில். தொழிற்சாலையில் அதற்கென்றே கலந்த பொருளை, தயார் செய்த தகட்டில், காற்றோட்டமுள்ள கூடத்தில் பூசுகிறார்கள். மாடி ஒழுகலுக்கு விற்கும் விரிப்போ கிடைமட்டமாகக் கிடப்பதற்கு ஆனது. மே மாத வெயிலில் நிற்கும் காரின் வெளித்தகடு 60 டிகிரியைத் தாண்டிச் சூடேறும். அந்தச் சூட்டில் மலிவான தார் இளகி, செங்குத்தான கதவில் மெல்ல வழுகி, கண்ணாடித் தடத்தில் இறங்கிவிடும். மூடிய காருக்குள் அதன் வாடை மாதக்கணக்கில் போகாது. விரிப்பு ஒட்டுவதாக இருந்தால் பியூட்டைல் ரப்பரின் மேல் அலுமினியத் தாள் வைத்த வகையை வாங்குங்கள். அந்தத் தாள் ரப்பரை மேலிருந்து பிடித்துக்கொள்வதால், தகட்டின் பரப்பில் கால் பங்கிலிருந்து பாதி வரை மூடினாலே பெரும்பாலான பலன் கிடைத்துவிடும். உண்மையைச் சொன்னால், துப்பாக்கி, கம்ப்ரஸர், காயும் நேரம் எதுவும் இல்லாமல் கதவு வேலையை முடிக்க நினைப்பவர்களுக்குப் பூச்சை விட இதையே நான் முதலில் சொல்வேன். எந்தப் பொருளானாலும், எந்த வெப்பநிலை வரை அதன் அடக்கும் திறன் குறையாது என்று கேட்டு வாங்குங்கள். சூடு ஏற ஏற இவற்றின் திறன் குறையும், குளிர் நாடுகளில் எழுதிய அளவு நம் ஊர் நண்பகலுக்குப் பொருந்தாது.

கேள்வி: காரின் அடிப்பாகம் முழுவதும், சைலன்ஸர் உட்பட, பூச்சு அடித்தால் சத்தமும் சூடும் குறையும் என்று மெக்கானிக் ஒருவர் சொல்கிறார். பானெட்டின் உட்புறத்திலும் அடிக்கலாம் என்கிறார். சரியா?
– ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: சைலன்ஸரிலும் அதோடு இணைந்த குழாய்களிலும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரிலும் எதையும் அடிக்கக் கூடாது, அந்தச் சூட்டில் பூச்சு புகைந்து தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. சைலன்ஸருக்கு மேலே பளபளப்பான தகடு ஒன்று இருக்கும். வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்புவதற்காகவே அதைப் பளபளப்பாக வைத்திருக்கிறார்கள். கறுப்புப் பூச்சு அடித்தால் அதன் பயனைக் கெடுத்தவர் ஆவீர்கள். அது துருப்பிடித்துக் கழன்றிருந்தால் மாற்றுங்கள், காலடியில் வரும் சூடு அதனாலேயே குறையும். பிரேக் பாகங்கள், கை பிரேக் கேபிள், சஸ்பென்ஷன் ரப்பர் புஷ்கள், சுழலும் தண்டுகள், ஆக்சிஜன் சென்சார், தளத்தின் நீர் வடியும் துளைகள் ஆகியவற்றை மூடி மறைத்த பிறகே மற்ற தகடுகளில் அடிக்க வேண்டும். துருவை நீக்காமல் அதன் மேல் தார் அடித்தால், துரு கண்ணுக்குத் தெரியாமல் வளரும்.

பானெட்டின் உட்புறத்தில் தொழிற்சாலை பொருத்திய பஞ்சுத் தாள் கிழிந்திருந்தால் அதே காருக்கு உரிய புதியதை வாங்கி மாட்டுங்கள். அங்கே பூச்சு தேவையில்லை. சேஸிஸ் எண் பொறித்த இடத்தை மாஸ்கிங் டேப் போட்டு மறைக்கும்படி மெக்கானிக்கிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெயர் மாற்றத்துக்கோ, 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும் சோதனைக்கோ போகும்போது அந்த எண்ணைப் பென்சில் பிரின்ட் எடுக்கச் சொல்வார்கள். அதன் மேல் இறுகிய தாரை அன்றைக்கு ஆர்டிஓ வாசலில் சுரண்டிக்கொண்டிருக்க நேரிடும்.